நண்பர் நினைவாக ஐரிஷ் மெட்டுகள்: கான்சர்ட் பேண்டுக்கு எழுதுவது எப்படி?

என் போனில் 45 விநாடி ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது. குழாயில் தண்ணீர் ஓடுகிறது, தட்டுகள் மோதுகின்றன, நடுவில் ஒரு ஆள் சொற்களே இல்லாமல் ‘டிடில் டை’ என்று ஒரு ஜிக்கை (6/8 தாளத்து ஆட்ட மெட்டு) பாடிக்கொண்டே போகிறார். அயர்லாந்தில் இதை லில்ட்டிங் என்பார்கள். கையில் வாத்தியம் இல்லாதபோது ஆடுகிறவர்களுக்காக வாயாலேயே வாசிப்பது. பாடியவர் என் நண்பர். கார்க் நகரில் நாங்கள் வாசிக்கும் பேண்டில் யூஃபோனியம் அவருடையது; வியாழக்கிழமை பப்பில் கூடி வாசிக்கும் செஷனில் டின் விசில்.

அவர் காலமான பிறகு, அவர் நினைவாக ஐரிஷ் மெட்டுகள் சிலவற்றை பேண்டுக்கு எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். நான் இரண்டாம் கிளாரினெட். அதுவரை எழுதியதெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டுகள்தான். ஐந்து நிமிட இசைக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதில் இரண்டு மாதம் வீண். அந்த இரண்டு மாதம் உங்களுக்காவது மிச்சமாகட்டும். ஸ்டாஃப் நொட்டேஷன் வாசிக்கத் தெரியும், ஒரு பேண்டில் கொஞ்ச நாள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், எந்த மெட்டு, யாருடைய வடிவம்

நான் செய்த முதல் தப்பு, புகழ்பெற்ற ஆறு மெட்டுகளை வரிசையாக ஒட்டியது. அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதில் பாதி அவருக்குப் பிடிக்கவே பிடிக்காதே” என்றார். சரி, கிழித்துப் போட்டேன்.

இரண்டு மெட்டு போதும். அவர் எதை வாசித்தார், எதை முணுமுணுத்தார் என்று வீட்டிலும் செஷனிலும் கேளுங்கள். அடுத்து, அதை அவர் எப்படி வாசித்தார் என்று பாருங்கள். ஐரிஷ் மரபில் ஒரே மெட்டுக்குப் பல வடிவங்கள் உண்டு. ஊருக்கு ஒன்று, சில நேரம் ஆளுக்கு ஒன்று. ஃபிரான்சிஸ் ஓ’நீல் 1903-ல் சிகாகோவில் வெளியிட்ட தொகுப்பில் 1,850 மெட்டுகள் இருக்கின்றன (அவர் அந்த ஊர் போலீஸ் தலைவர் என்பது தனிக்கதை). அதில் இருப்பதும் யாரோ ஒருவர் வாசித்துக் காட்டிய வடிவம்தான். டப்ளினில் மெரியன் சதுக்கத்தில் ஐரிஷ் மரபிசைக் காப்பகம் இருக்கிறது. பழைய ஒலிப்பதிவுகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் அங்கே கேட்கலாம், பார்க்கலாம். ஆனால் உங்கள் நண்பரின் பதிவு ஒன்று கிடைத்தால், அது எவ்வளவு கரகரப்பாக இருந்தாலும், அதுதான் மூலம்.

என் பதிவில் இருப்பது ‘பேனிஷ் மிஸ்ஃபார்ச்சூன்’. துரதிர்ஷ்டத்தை விரட்டு என்று பொருள். டி-யை ஆதாரமாகக் கொண்ட, மூன்று பகுதி உள்ள ஜிக். பதிவை ஸ்வரம் ஸ்வரமாக எழுதியபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டன. கையில் இருந்த அச்சு வடிவத்தில் சில இடங்களில் சி ஷார்ப் இருந்தது. அவர் எல்லா இடத்திலும் சி நேச்சுரல்தான் பாடுகிறார். அப்புறம், மூன்றாம் பகுதிக்குள் ஒரு க்வேவர் முன்னதாகவே குதித்துவிடுகிறார். முதல் விஷயத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். இரண்டாவதை, பாத்திரம் கழுவும் அவசரம் என்று நினைத்துத் ‘திருத்தி’ எழுதினேன்.

பழசு என்று நினைத்து ஏமாறாதீர்கள்

செஷனில் எல்லோரும் வாசிப்பதால் ஒரு மெட்டு மரபு மெட்டு ஆகிவிடாது. ‘தி பட்டர்ஃப்ளை’ என்ற ஸ்லிப் ஜிக்கை (9/8-ல் வரும் ஜிக்) நூறு வருஷப் பழசு என்றே பலர் நினைக்கிறார்கள். அது டப்ளின் ஃபிடில் கலைஞர் டாமி பாட்ஸின் பெயரில் அறியப்படுவது. அவர் இறந்தது 1988-ல். இறந்த பிறகு 70 ஆண்டு என்ற கணக்குப்படி 2058 முடியும்வரை உரிமை உண்டு. அஞ்சலிக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் ‘அஷோகன் ஃபேர்வெல்’ அயர்லாந்து மெட்டே இல்லை. அமெரிக்கரான ஜே அங்கர் 1982-ல் எழுதியது. இப்படிப்பட்ட மெட்டு வேண்டுமென்றால் அனுமதி கேட்டு எழுதுங்கள். மெட்டு பொதுச்சொத்தாக இருந்தாலும் அதற்கு இன்னொருவர் எழுதிய அரேஞ்ச்மென்ட் பொதுச்சொத்து ஆகாது என்பதையும் மறக்காதீர்கள்.

நண்பருக்காக மெட்டு என்பது அங்கே புதுசில்லை

என் இரண்டாவது மெட்டைச் செஷன்காரர்கள்தான் சொன்னார்கள்: ‘ஷீபெக் ஷீமோர்’. டர்லோ ஓ’கரோலன் (1670–1738) என்ற பார்வையற்ற ஹார்ப் கலைஞரின் முதல் படைப்பு என்று சொல்லப்படுவது. அவர் குதிரையில் ஊர் ஊராகப் போவார். தங்க இடமும் சாப்பாடும் தந்த வீட்டுக்காரர்களின் பெயரிலேயே மெட்டுக் கட்டித் தருவார். அவற்றில் பலவற்றுக்குப் பிளாங்ஸ்டி என்று பெயர். ஆக, ஆளை நினைத்து மெட்டுச் செய்வது அங்கே பழைய வழக்கம். அவற்றில் பெரும்பாலானவை அழுகைப் பாட்டும் இல்லை, குஷியான மெட்டுகள். அஞ்சலி என்றதும் மெதுவான மெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் போயிற்று.

பேண்ட் உலகில் இதற்கு முன்னோடி, இசையமைப்பாளர் பெர்சி கிரெயிஞ்சர். டெர்ரி மாவட்டத்து மெட்டை, ‘டேனி பாய்’ என்று உலகமே அறிந்த அதே மெட்டை, 1918-ல் பேண்டுக்கு எழுதி வெளியிட்டார். லிமவாடி ஊர் ஜேன் ராஸ் குறித்துக் கொடுத்து, ஜார்ஜ் பெட்ரி 1855-ல் அச்சிட்ட மெட்டு அது. கிரெயிஞ்சரின் பிரிட்டிஷ் நாட்டுப்புற இசை வரிசை முழுவதுமே, 1907-ல் இறந்த அவருடைய நண்பர், நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் நினைவுக்குக் காணிக்கை. ஸ்கோரை எங்கேயாவது பிடித்துப் பாருங்கள். மெட்டு முதலில் ஃப்ளூட்டிலோ ட்ரம்பெட்டிலோ வருவதில்லை. நடு, கீழ் ஸ்தாயி வாத்தியங்களில், ஒரு ஆண் தனக்குள்ளேயே பாடிக்கொள்கிற உயரத்தில் தொடங்குகிறது. இரண்டாம் சுற்றில்தான் மேலே ஏறுகிறது. நான் அவரிடம் திருடியது இந்த ஒன்றைத்தான். அந்த மெட்டையே எடுத்து நீங்களும் எழுதப் போகிறீர்களா? நண்பர் கேட்டுக்கொண்டிருந்தால் ஒழிய வேண்டாம். நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த நாற்காலியில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார்.

கீ மாற்றுவது

ஃபிடில், விசில், மரஃப்ளூட் எல்லாவற்றுக்கும் டி, ஜி வசதி. கான்சர்ட் பேண்டுக்கு ஃப்ளாட் வசதி. என் ஆறு மெட்டுக் குப்பையை டி மேஜரிலேயே எழுதியிருந்தேன். பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு நான்கு ஷார்ப், ஈ ஃப்ளாட் ஆல்டோ சாக்ஸுக்கு ஐந்து ஷார்ப். ஒத்திகையில் ஆல்டோ வாசிக்கும் அம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

அரை ஸ்வரம் மேலே ஏற்றி ஈ ஃப்ளாட்டுக்குக் கொண்டுபோங்கள். கிளாரினெட்டுக்கு ஒரே ஒரு ஃப்ளாட். ஆல்டோவுக்கு ஒன்றுமே இல்லை. எஃப் ஹார்னுக்கு இரண்டு ஃப்ளாட். ஜி-யில் உள்ள மெட்டை முழு ஸ்வரம் இறக்கி எஃப்-க்குக் கொண்டுவரலாம். மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருள் தானே இடமாற்றிக் கொடுத்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு பார்ட்டையும் அந்த வாத்தியக்காரர் கண்ணால் ஒரு முறை பாருங்கள். முக்கியமாக, கிளாரினெட்டில் ஸ்தாயி மாறுகிற இடத்துக்கு, அதாவது எழுத்தில் நடு ஏ-க்கும் பி-க்கும் இடையே, மெட்டு ஓயாமல் போய் வருகிறதா என்று பாருங்கள். வேகமான ஜிக்கில் அது விரலைத் தின்றுவிடும்.

ஒரே ஒரு ஸ்வரம்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

‘ஷீபெக் ஷீமோர்’ டி மேஜர். நம் கணக்கில் சங்கராபரண ஸ்வரங்கள். நண்பர் பாடிய ஜிக்கில் சி நேச்சுரல், அதாவது ஹரிகாம்போதி ஸ்வரங்கள். அவர்கள் மிக்ஸோலிடியன் என்பார்கள். இரண்டுக்கும் ஷட்ஜம் ஒன்று. நிஷாதம் மட்டும்தான் மாறுகிறது. ஈ ஃப்ளாட்டுக்கு ஏற்றிய பிறகு, ஏரில் (‘ஷீபெக் ஷீமோர்’ போன்ற மெதுவான மெட்டை ‘ஏர்’ என்பார்கள்) டி நேச்சுரல், ஜிக்கில் டி ஃப்ளாட். அந்த ஒரு ஸ்வரத்தையே பாலமாக வைத்துக்கொண்டேன். ஏர் முடிந்து ஈ ஃப்ளாட்டும் பி ஃப்ளாட்டும் அடியில் நிற்கும்போது, மூன்றாம் ஹார்ன் மட்டும் மெதுவாக ஒரு டி ஃப்ளாட்டைக் கொண்டுவந்து வைக்கும். இரண்டு பார். காது திரும்பிவிடும். அடுத்து ஜிக். ட்ரம் உருட்டல், பெரிய கிரெசென்டோ எதுவும் தேவைப்படவில்லை. அவர் புத்தகத்தைப் பின்பற்றிச் சி ஷார்ப் பாடியிருந்தால் இந்தப் பாலம் கிடைத்திருக்காது.

கார்டு போடும்போதும் அந்த ஸ்வரத்தையே கேளுங்கள். மேஜரில் பழகிய கை தானாகவே பி ஃப்ளாட் செவன்த் கார்டுக்குப் போகும். அதில் டி நேச்சுரல் இருக்கிறது. மெட்டு டி ஃப்ளாட் பாடும்போது அடியில் அது இருந்தால் மோதும். ஈ ஃப்ளாட், டி ஃப்ளாட் இரண்டு கார்டை வைத்தே முக்கால்வாசி ஜிக்கை ஓட்டலாம். மாறுதலுக்கு ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட் மைனர். டோரியன் மெட்டு, அதாவது கரகரப்பிரியா ஸ்வரங்கள் கொண்டது, உங்களிடம் இருந்தாலும் இதே யோசனைதான். மைனர் கார்டும் அதற்கு ஒரு முழு ஸ்வரம் கீழே மேஜர் கார்டும். நான்கு பாருக்கு ஒரு முறை ‘முடிவு’ போட ஆசைப்படாதீர்கள். இந்த மெட்டுகள் வட்டம் சுற்றுகிறவை, முடித்து முடித்து வைத்தால் நொண்டும்.

சுற்றுகளைப் பிரிப்பது

செஷனில் ஒரு மெட்டை இரண்டு மூன்று தடவை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். பேண்டிலும் அதையே வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு சுற்றுக்கும் நிறம் மாற வேண்டும், அவ்வளவுதான். கணக்கு இதோ: மூன்று பகுதி, ஒவ்வொன்றும் எட்டு பார், எல்லாம் இரண்டு தடவை என்றால் 48 பார். 6/8-ல் நிமிடத்துக்கு 112 அடி வேகத்தில் அது 51 விநாடி. மூன்று சுற்று வாசித்தால் இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல்.

முதல் சுற்று: ஒரு ஃப்ளூட்டும் ஒரு கிளாரினெட்டும் சேர்ந்து மெட்டு, அடியில் பாசூனும் பேஸ் கிளாரினெட்டும் ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட் பிடித்து நிற்கும். அயர்லாந்துப் பைப்பான இல்லன் பைப்பில் விடாமல் ஒலிக்கும் ட்ரோன் போல. கார்டே இல்லை. எங்கள் ஊர் பேண்டில் பாசூன் பாதி நாள் வராது என்பதால் அதே வரியை டெனர் சாக்ஸ் பார்ட்டில் சின்ன எழுத்தில் எழுதி வைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டாம் சுற்று: கிளாரினெட் கூட்டம் முழுதும், இரண்டு கார்டு, ஹார்ன்கள் அடியின் முதல் துடிப்பில் மட்டும். ட்யூபாவுக்கு ‘உம்-பா’ எழுதாதீர்கள். நொடியில் ஜெர்மன் பீர் கடை வந்து நிற்கும். நீண்ட ஸ்வரம் கொடுங்கள், மூச்சை ஆளுக்கு ஓர் இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் சுற்றில்தான் எல்லோரும். இங்கே ஏரை ஜிக்கின் மேல் மிதக்க விட்டேன். ஏர் 3/4-ல் நிமிடத்துக்கு 84. அதன் ஸ்வரங்களின் அளவை இரட்டித்து எழுதினால், ஏரின் ஒரு பார் ஜிக்கின் இரண்டு பாரில் சரியாக உட்காரும். காதில் விழும் வேகமும் முதலில் கேட்ட அதே 84. நான்கு பாருக்கு மட்டும், ஹார்னும் டெனர் சாக்ஸும். ஏரின் டி நேச்சுரல் வருகிற இடத்தில் டி ஃப்ளாட் ஆக்கிவிட்டேன். இரண்டு ஸ்வரம் மோதினால் நண்பரின் ஸ்வரம் ஜெயிக்கட்டும். ட்ரம்பெட்டுக்கு முழு மெட்டையும் தராதீர்கள். மெட்டில் மேலே நிற்கும் இடங்கள் உண்டு. பொழுதுபோக்குக்கு வாசிப்பவர்களின் உதடு தாங்காது. இரண்டு பார், நான்கு பார் என்று துண்டாகக் கொடுத்தால் பளிச்சென்று இருக்கும்.

மூச்சும் அலங்காரமும்

கம்ப்யூட்டர் மூச்சு விடாது. அதில் அழகாகக் கேட்ட என் ஜிக், முதல் ஒத்திகையில் பன்னிரண்டாவது பாரில் செத்துவிட்டது. ஃபிடிலுக்கு வில் இருக்கிறது, காற்று வாத்தியத்துக்கு இல்லை. ஐரிஷ் ஃப்ளூட் கலைஞர்கள் இதற்குக் கண்ட வழி எளியது: முக்கியமில்லாத ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு அங்கே மூச்சு எடுப்பார்கள். மரபே அனுமதிக்கிற ஓட்டை. முதல் கிளாரினெட்டில் ஒரு ஸ்டாண்டில் வாசிப்பவர்களுக்கு ஐந்தாவது பாரில் ஒரு க்வேவரை நீக்குங்கள், அடுத்த ஸ்டாண்டுக்கு ஆறாவது பாரில். கேட்பவருக்குத் தெரியாது.

அலங்காரங்களில் கட் மட்டும் போதும்: ஸ்வரத்துக்கு முன் கண்சிமிட்டும் நேரம் மேல் ஸ்வரத்தைத் தொட்டு விடுவது. ஒற்றை கிரேஸ் நோட்டாக எழுதுங்கள். ட்ரில், மார்டென்ட் குறிகள் போட்டால் அரண்மனை நடனம் மாதிரி ஆகிவிடும். ‘ரோல்’ என்பது ஒரு ஸ்வரத்தை மேலும் கீழும் தொட்டுச் சுற்றி வரும் அலங்காரம்; விசிலிலும் மரஃப்ளூட்டிலும் விரல் தானாகச் செய்வது. ஈ ஃப்ளாட்டில் பேண்ட் ஃப்ளூட்டுக்கு அது சிரமம். தனி ஃப்ளூட்டுக்கு ஒன்றிரண்டு இடத்தில் வைத்தால் போதும்.

ஜிக்கின் மூன்று க்வேவர்களும் சமமாக இருக்காது, முதலாவது சற்று நீளும். இதைப் புள்ளி போட்டு எழுதினால் வெட்டிவெட்டி வாசிப்பார்கள். எழுதாமல், ஒத்திகையில் வாயால் பாடிக் காட்டுங்கள். எல்லோரையும் லில்ட் பண்ண வைத்த பத்து நிமிடம், ஒரு மாத ஒத்திகைக்குச் சமம். ஸ்னேர் ட்ரம் வேண்டாம், அணிவகுப்பு ஆகிவிடும். போரான் என்ற அயர்லாந்துக் கைமத்தளம் வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் அவரை உட்கார வையுங்கள். இல்லையென்றால் ஒரு டாம் ட்ரம்மை மெல்லிய குச்சியால், அடக்கி.

யூஃபோனியம்

ஏரின் முதல் சுற்றை யூஃபோனியத்துக்குக் கொடுத்தேன். அந்த நாற்காலிக்கு இப்போது வந்திருப்பது ஒரு பத்தொன்பது வயதுப் பெண். நண்பரிடம்தான் கற்றுக்கொண்டாள். ஒரு ஸ்தாயி கீழே, ஏறக்குறைய தனியாக. அடியில் ட்யூபாவும் பேஸ் கிளாரினெட்டும் மட்டும். அவள் கூடத்துக்கு முன்னால் எழுந்து நின்று வாசிக்க வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், உட்கார்ந்தே வாசி என்றேன்.

கடைசி ஒத்திகைக்கு முந்தின வாரம் அந்த 45 விநாடியை மறுபடி போட்டுக் கேட்டேன். மூன்றாம் பகுதிக்கு ஒரு க்வேவர் முன்னால் குதிக்கிறார், ஆனால் வேகம் தடுமாறவில்லை. அந்த முதல் ஸ்வரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு தாளம் தன்னிடம் வந்து சேரும்வரை காத்திருக்கிறார். செஷனில் விசிலிலும் இதையே செய்வார் என்று பக்கத்தில் உட்காரும் ஃபிடில்காரர் சொன்னார்: “எங்களுக்கு அதுதான் சிக்னல்.” மூன்று மாதம் முன்னால் நான் ‘திருத்திய’ அந்த இடம் அவருடைய தப்பே இல்லை.

மூன்றாம் சுற்று, மூன்றாம் பகுதி. மொத்த பேண்டும் ஒரு க்வேவர் நிசப்தம். யூஃபோனியம் மட்டும் முன்னதாக உள்ளே வந்து, ஸ்வரத்தை டை போட்டு அடுத்த பாருக்குள் நீட்டிக்கொண்டு போகும்படி எழுதினேன். ஒத்திகையில் நடத்துநர் நிறுத்தினார். ஸ்கோரில் அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அச்சுப்பிழையா என்று என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்வதற்குள் ட்ராம்போன் வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.